ரஸல், அனுஷ நட்சத்திரம்

மச்சாள்,

செவ்வாய்க்கிழமை தோர்ண்டன் ஹீத் கடையில் அறக்குளா மீன் எடுப்பதற்காக டீப் பிரீசரின் மூடியைத் தூக்கினேன். குனிந்த முகத்தில் குளிர்ப்புகை அடித்தது. கடை முழுக்க மீன் மணம்தான். ஆனாலும் எனக்கு ஈர றப்பரும், வினாகிரி ஊற்றிய சிப்ஸும், ஆம்பிளைகளின் வியர்வையும் கலந்த அந்தப் பழைய மணம் வந்தது. ஐஸ் ஹொக்கித் தளத்தின் மணம். குளிருக்கு இப்படி ஒரு மணம் உண்டென்று சொன்னால் எங்கள் ஆட்களில் வேறு யாரும் நம்பமாட்டார்கள்.

மீனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதே கைபேசி அடித்தது. ஜோன்.

ஆஸ்பத்திரித் துணி தோய்க்கும் லோன்றியில் எங்கள் இருவரோடும் வேலை செய்த அதே ஜோன்தான். முழங்கால் இரண்டையும் மாற்றிவிட்டாள். குரலை மட்டும் யாராலும் மாற்ற முடியவில்லை. எங்கள் பழைய அணியின் ரசிகர்கள் எல்லாரும் சேர்ந்து, எக்காலத்துக்குமான சிறந்த ஆறு பேரைத் தெரிவு செய்கிறார்களாம். கோல் கீப்பர் ஒருவர், பின்வரிசைக்கு இருவர், முன்வரிசைக்கு மூவர். ஞாயிற்றுக்கிழமைக்குள் என் ஆறு பேரையும் சொல்லவேண்டுமாம். "கோலுக்கு யார் என்பதுதானே உங்கள் வீட்டில் தீராத வழக்கு? குடை இருந்திருந்தால் என்ன சொல்லியிருக்கும்?" என்று கேட்டாள்.

அவள் உங்களைக் குடை என்றுதான் இன்றைக்கும் சொல்கிறாள்.

அதற்குக் காரணமும் அவள்தான். எண்பதுகளின் நடுவில், ஒரு நவம்பர் மாதம், இரண்டு ரிக்கற்றுகளைத் தந்து, ஹொக்கி பார்க்க வாருங்கள் என்றாள். ஹொக்கி என்றால் எங்களுக்குத் தெரிந்தது புல்வெளியில் வளைந்த தடியோடு ஓடுவது. எங்கள் கோலியர்ஸ் வுட் வீட்டு வாசலில் நின்று வானத்தைப் பார்த்துவிட்டு, என்னைக் கட்டிய உங்கள் தம்பியின் பெரிய கறுப்புக் குடையை எடுத்துக்கொண்டீர்கள். நான் கச்சான் கடலை வறுத்துக் கடதாசியில் சுருட்டிக்கொண்டேன். காலில் சொக்ஸும் அதற்குமேல் செருப்பும். உள்ளே போனால் ஒரு மைதானம் நிறைய ஐஸ். நீங்கள் மேலே பார்த்தீர்கள், கீழே பார்த்தீர்கள். "இதென்ன மச்சாள், மேலை கூரை போட்டிருக்கினம், கீழை மழை உறைஞ்சு கிடக்குது?" என்றீர்கள்.

விரித்துப் பிடிக்க வேலையில்லாத அந்தக் குடையால், எங்கள் பக்கம் கோல் விழுந்தபோது முன்னாலிருந்த பலகைத் தடுப்பில் ஓங்கித் தட்டினீர்கள். அடுத்த கிழமை வெறுங்கையோடு போனபோது பின்னாலிருந்த ரசிகர்கள் "குடை எங்கே?" என்று சண்டைக்கு வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு கொளுத்தும் வெயிலிலும் நீங்கள் குடையோடுதான் பஸ் ஏறினீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் எங்கள் முன்னறை நிரம்பியிருக்கும். உங்கள் தம்பியின் சிநேகிதர்கள் வந்திருந்து ஊர்ச்செய்தி பேசுவார்கள். யாரைப் பிடித்தார்கள், யாரைக் காணவில்லை, யாருடைய உடம்பு எங்கே கிடந்தது. தேத்தண்ணீர்த் தட்டோடு அந்த அறைக்குள் போய்வருவது உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஐஸ் தளத்தில் ஊரைப் பற்றி ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது.

ஆட்டக்காரர்களின் பெயர்கள் வாயில் நுழையாததால் எல்லாருக்கும் பட்டப்பெயர் வைத்தோம். ஆறு பேரில் ஐந்து பேரைப் பற்றி எங்களுக்குள் ஒரு நாளும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை. பின்வரிசையில் சண்டியன், மதில். சண்டியன் ஐஸில் நின்றதைவிடத் தண்டனைக் கூண்டுக்குள் இருந்த நேரம்தான் அதிகம். கூண்டுக்குள் இருந்துகொண்டே தாய்க்குக் கை காட்டுவான். மதிலைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அவனைத் தாண்டி யாரும் போனதில்லை, அவ்வளவுதான். முன்வரிசையில் தபால்காரன். கிழமை நாட்களில் உண்மையாகவே தபால் போடுகிறவன்; அந்தக் கறுப்பு றப்பர் வட்டை, பக் என்பார்களே, யாருக்கு எங்கே வேண்டுமோ அங்கே கொண்டுபோய்க் கொடுப்பான். அடுத்தவன் மாப்பிள்ளை. தலைக்கவசத்தைக் கழற்றியதும் முதல் வேலையாகத் தலைமயிரைக் கோதுவான். "முகத்தைப் பாரும். சீதனத்திலை ஒரு சதமும் குறைக்கமாட்டான்" என்று சொல்வீர்கள். கடைசியாக அவசரம். பக் வருவதற்கு முன்பே எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டு, விசில் ஊதியதும் திருதிருவென்று முழிக்கும் சின்னப் பொடியன். "பாவம், ஊரிலை பஸ்ஸுக்கு ஓடின பழக்கமாக்கும்" என்று அவனுக்காக இரங்குவீர்கள். அவன் மான்செஸ்டர்க்காரன்.

அப்போதைய கோல் கீப்பருக்கு மட்டும் நீங்கள் பட்டப்பெயர் வைக்கவில்லை. அவன் ரஸல். கனடாவிலிருந்து சம்பளத்துக்கு வந்தவன். மற்ற எல்லாரும் உங்கள் வாயில் அவன், இவன். ரஸல் மட்டும் அவர். நான் அதைக் கவனித்தேன், ஆனால் காரணம் கேட்கவில்லை.

உண்மையைச் சொன்னால் ரஸல் சுமாரான கீப்பர். அப்போது எங்கள் அணியும் மோசம்தான், அதனால் முழுப் பழியையும் அவன்மேல் போடவும் ஏலாது. கோலுக்கு மேல் கோல் விழும். சனம் எண்ணுவதை விட்டுவிட்டு பஸ்ஸைப் பிடிக்க எழும்பிப் போகும். ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் அவன் ஒரு வாய் தண்ணீர் குடிப்பான், கோலின் இரண்டு தூண்களையும் தடியால் ஒருமுறை தட்டுவான், மறுபடி குனிந்து நிற்பான். "பாரும், ரண்டு தூணையும் தட்டிப் பாக்கிறார். வீடு இன்னும் நிக்குதோ எண்டு பாக்கிறார்" என்பீர்கள். நான் குளிரில் விறைத்து, "போவம் மச்சாள், இதுக்கு மேலை என்ன இருக்கு?" என்றால், "ஹோர்ன் ஊதேல்லையே" என்பீர்கள். முடிவு ஹோர்ன் ஊதும்வரைக்கும் ஒரு நாளும் எழும்பியதில்லை.

உங்களால் தாங்க முடியாத ஒன்று இருந்தது. பின்தங்கி நிற்கும் அணி கடைசி நிமிடங்களில் கோல் கீப்பரை வெளியே கூப்பிட்டுவிட்டு, பதிலுக்கு இன்னொரு முன்வரிசைக்காரனை இறக்கும். எப்படியாவது ஒரு கோல் போடலாம் என்ற நப்பாசை. எங்கள் கோல் ஆளில்லாமல் திறந்து கிடக்கும். அந்த நேரத்தில் நீங்கள் குனிந்து பிளாஸ்கின் மூடியைத் திருகத் தொடங்கிவிடுவீர்கள். தேத்தண்ணீர் முடிந்து வெறும் பிளாஸ்காக இருந்தாலும் திருகுவீர்கள். "வெறுமையாக் கிடக்கிறதைப் பாக்கேலாது" என்று ஒரு தடவை சொன்னீர்கள்.

அண்ணையைப் பற்றிச் சொல்லாமல் இதை எழுத முடியாது. நீங்கள் லண்டனுக்கு வருவதற்கு முந்திய வருடம், கொழும்புக்குப் போய்க்கொண்டிருந்த பஸ்ஸை மறித்து உங்கள் கணவரை இறக்கினார்கள். அதற்குப் பிறகு அவரைக் கண்டவர்கள் இல்லை. உடம்பும் இல்லை, செய்தியும் இல்லை. கேட்காத ஆமி முகாம் இல்லை. நீங்கள் பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவும் இல்லை.

அதுதான் ரெய்னர்ஸ் லேன் சித்தப்பாவுக்குப் பெரிய குறை. அண்ணையின் சொந்தச் சித்தப்பா அவர். அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்து, சாப்பிட்டு, கை கழுவிவிட்டுத் தொடங்கினார். "பிள்ளை, அவன் இனி வரமாட்டான். அந்தியேட்டிக் காரியத்தைச் செய்யாட்டி அவன்ரை ஆத்துமா அந்தரிச்சுத் திரியும். ஐயரோடை நான் கதைச்சிட்டன். ஒரு நாளைச் சொல்லு."

நான் குசினி வாசலில் நின்றேன். உங்கள் தம்பி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் அழவில்லை, கோபிக்கவும் இல்லை. மணிக்கூட்டைப் பார்த்தீர்கள்.

"சித்தப்பா, இண்டைக்கு மட்ச் இருக்கு. நாங்கள் வெளிக்கிடவேணும்."

கோட்டைப் போட்டு, குடையை எடுத்து, என்னையும் இழுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். சித்தப்பா கடைசிவரைக்கும் இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்: "நான் செத்த வீட்டுக் காரியம் கதைக்கிறன், அவள் மட்ச் எண்டுறாள்."

அதற்கடுத்த கிழமைதான் எங்கள் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்குமா, தப்புமா என்று தீர்மானிக்கும் ஆட்டம். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனோம். நீங்கள் அர்ச்சனைத் தட்டோடு முன்னால் நின்றீர்கள், நான் பின்னால். ஐயர் பெயர் கேட்டார்.

"ரஸல்" என்றீர்கள்.

ஐயர் நிமிர்ந்து பார்த்தார். லண்டன் கோயில் ஐயர். இதைவிட விசித்திரமான பெயர்களும் கேட்டிருப்பார். "நட்சத்திரம்?"

"அனுஷம்."

கோயிலுக்குள் சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். பஸ்ஸில் ஏறி இருந்ததும் கேட்டேன். "மச்சாள், கனடாக்காரனுக்கு அனுஷம் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

நீங்கள் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தபடி சொன்னீர்கள். "அது இவரின்ரை நட்சத்திரம்."

என் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. பஸ் இரண்டு தரிப்பு போன பிறகு நீங்களே தொடர்ந்தீர்கள். "இவரின்ரை பேரைச் சொன்னால் பின்னாலை நிக்கிறவை குசுகுசுக்கினம். இன்னும் செய்யேல்லையோ எண்டு ஒருத்தியாவது கேப்பாள். கடவுளுக்கு நட்சத்திரம் தெரிஞ்சால் காணும். பேர் ஆர்ரை பேராய் இருந்தால் என்ன?" பிறகு என் பக்கம் திரும்பி, "அந்தப் பொடியனுக்கும் ஒரு அர்ச்சனை போய்ச் சேரட்டன். பாவம், தனிய நிக்கிறார்" என்றீர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் அணி தோற்றது. கீழ்ப்பிரிவுக்கும் இறங்கியது. ரஸல் அந்தக் கோடையில் கனடாவுக்குத் திரும்பிப் போய்விட்டான். வெள்ளிக்கிழமை அர்ச்சனை மட்டும் நிற்கவில்லை.

தொண்ணூறுகளில் கோலுக்கு வந்தவன் பூனை. என் ஆள். உடம்பை எப்படி வளைத்தான், எங்கிருந்து கையை நீட்டினான் என்று பார்க்கிறவனுக்கே புரியாது. பக் அவன் கையுறைக்குள் இருக்கும். அவன் வந்த பிறகுதான் அணி மேலே ஏறியது, கோப்பையும் எடுத்தது. அன்று நீங்கள் தட்டிய தட்டில் குடையின் நுனி கழன்று விழுந்தது. திரும்பி வரும்போது, "இப்பவாவது ஒத்துக்கொள்ளுங்கோ, பூனைதான் எங்கடை கீப்பர்" என்றேன்.

"நல்லாத்தான் மறிக்கிறான். அதுக்கு நான் இல்லையெண்டு சொல்லேல்லை."

"அப்ப?"

"என்ரை ஆறு பேரிலை ரஸல்தான்."

வருடக்கணக்காக இதே வழக்கு. குசினியில், லோன்றியில், பஸ்ஸில். கோல்கள் எத்தனை, தடுத்தது எத்தனை என்று நான் ஆதாரங்களை அடுக்குவேன். நீங்கள் வெங்காயம் வெட்டியபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஓம், ஓம்" என்பீர்கள். பிறகு ரஸல் என்பீர்கள். காரணம் எனக்குத் தெரியும் என்பது உங்களுக்கும் தெரியும். ஆனாலும் நான் விட்டுக்கொடுத்து விளையாடுவதை நீங்கள் விரும்பவில்லை. நானும் அப்படி விளையாடவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு மாசி மாதம், நெஞ்சுக்குள் சின்னதாய் நோகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். திரும்பி வரவில்லை. வீடு அந்தக் கிழமை நிரம்பித்தான் இருந்தது, ஆனால் எனக்கு அது வெறும் வீடு. உங்களை எவ்வளவு தேடினேன் என்று இந்த மடலில் ஒரு தடவை மட்டும் சொல்லிவிடுகிறேன்: மிகவும் தேடினேன், மச்சாள். இப்போதும் தேடுகிறேன்.

சவச்சாலையில் உங்களுக்கு உடுத்திவிட வேண்டிய நேரம். நான் உங்கள் கூறைச்சேலையையும் குங்குமத்தையும் கொண்டுபோயிருந்தேன். சித்தப்பா தடியூன்றி எழும்பினார்.

"இதென்ன வேலை, பிள்ளை? புருசன் செத்தவளுக்குக் கூறையோ? வெள்ளையை உடுத்துங்கோ."

"அவர் செத்ததை ஆர் கண்டது, சித்தப்பா?"

"எத்தினை வருசம் போச்சுது! இனியும் என்ன?"

கையில் குங்குமச் சிமிழோடு நின்றேன். வாயில் வந்தது ஒன்றுதான். "ஹோர்ன் ஊதேல்லை."

அவருக்கு விளங்கவில்லை. அங்கே நின்ற பெண்களுக்கும் விளங்கவில்லை. உங்கள் தம்பி ஒரேயொரு முறை எங்களோடு மட்ச் பார்க்க வந்து, இரண்டாவது பகுதியில் நித்திரையாகிப் போனவர். அவருக்கு விளங்கியது. "கூறையை உடுத்துங்கோ" என்றார். சித்தப்பா மறுபடி கதிரையில் இருந்துவிட்டார். நான் உங்கள் நெற்றியில் பொட்டை வட்டமாக, நீங்கள் வைக்கிற அளவில் வைத்தேன். கைகளுக்குப் பக்கத்தில் அந்த நுனி கழன்ற குடையையும் வைக்க விரும்பினேன். இரும்புக் கம்பி இருப்பதால் எரிப்பதற்கு ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். அது இப்போதும் என் வீட்டு வாசலில்தான் நிற்கிறது.

நேற்று ஜோனுக்குப் போன் எடுத்தேன். சண்டியன், மதில், தபால்காரன், மாப்பிள்ளை, அவசரம் என்று அவர்களின் உண்மைப் பெயர்களைத் தேடிப்பிடித்துச் சொன்னேன். கோலுக்கு வந்ததும் அவளே முந்திக்கொண்டாள். "உன் ஆளைத்தானே போட?"

"இல்லை. ரஸல்."

"அவனுக்கு வேறு யாரும் வாக்குப் போடமாட்டார்கள், தெரியுமா?" என்றாள். தெரியும் என்றேன்.

எனக்கு மனக்குறைதான், மறைப்பதற்கில்லை. பூனைதான் நல்ல கீப்பர். அந்த வழக்கில் நான் தோற்கவில்லை, இனியும் தோற்கமாட்டேன். ஆனால் இன்று வெள்ளிக்கிழமை. கோயிலில் புது ஐயர், சின்னப் பொடியன், என்னை முன்பின் தெரியாதவர். அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு பெயரும் நட்சத்திரமும் கேட்டார். ரஸல், அனுஷம் என்றேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் உள்ளே திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்.