த-வை ந ஆக்கிய கோடு

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன். இங்கே உன் அப்பா சௌக்கியம், முழங்கால் வலியைத் தவிர. எனக்குக் காய்ச்சல் தலைவலி எதுவும் கிடையாது, ஆனால் எட்டு நாளாகக் குமட்டிக்கொண்டே இருக்கிறது. அதில் பெரிய குமட்டல் போன ஞாயிற்றுக்கிழமை நீ ஃபோனில் பேசியதைக் கேட்டபோது வந்தது. அதனால்தான் கடிதம். ஃபோன் என்றால் நடுவில் "சரிம்மா, சரிம்மா" என்று வெட்டிவிடுவாய். கடிதத்தை வெட்ட முடியாது, வேண்டுமானால் கிழிக்கலாம், முழுசாகப் படித்துவிட்டுக் கிழி.

உன் மாமா முந்திக்கொண்டு உனக்கு ஃபோன் போட்டு, நான் வேலை மாறப்போவதையும் சேர்த்துச் சொல்லி அழுதிருக்கிறான். அவன் சொன்னதைத்தான் நீ கேட்டிருக்கிறாய், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எடுத்த எடுப்பிலேயே, "அம்மா, ரிட்டயர் ஆக இன்னும் பத்து வருஷம்தானே, கண்ணை மூடிக்கிட்டு ஓட்டிடு, மாமா பாவம்மா" என்றாய். போதாததற்கு, "எங்க மாமியார் உங்கம்மா என்ன வேலை பாக்கறாங்கன்னு கேட்டா சாக்கடை மோந்து பாக்கறாங்கன்னா சொல்ல முடியும்" என்று ஒரு சிரிப்பு வேறு. அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் காதைவிட்டுப் போகவில்லை. கண்ணை மூடிக்கொள்ளலாம் மகளே, நான் கண்ணாலா வேலை பார்க்கிறேன்? மூக்கை மூடிக்கொண்டு எத்தனை நேரம் இருக்க முடியும், நீயே இருந்து பார்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பால் கம்பெனியில் நான் என்ன செய்கிறேன் என்று உனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும், ஆனால் தெரிந்த மாதிரி நீ பேசவில்லை, அதனால் திரும்பச் சொல்கிறேன். லாரியில் கேன் வந்து இறங்கும். மூடியைத் திறந்த அந்த நொடியில் மூக்கைக் கொடுக்க வேண்டும், ஒரு நொடி தாமதித்தாலும் வாடை காற்றில் போய்விடும். பத்துப் பதினைந்து கேனுக்கு ஒருமுறை என் முழங்கையை மடக்கி என் தோலையே நான் மோந்துகொள்வேன், அப்போதுதான் மூக்கு திரும்பப் புதுசாகும். பால் நன்றாக இருந்தால் மூடியில் சாக்பீஸால் ந, நல்லது. புளித்திருந்தால் த, தள்ளு. அதற்குக் கீழே என் பெயரின் முதல் எழுத்து. இருபத்து மூன்று வருஷமாக இதுதான். இதற்காக நம் வீட்டில் வாசனை சோப்பு கிடையாது, பவுடர் கிடையாது. பத்தாவது படிக்கும்போது நீ தோழி வீட்டில் சென்ட் அடித்துக்கொண்டு வந்து என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது நினைவிருக்கும். உன் அப்பா கல்யாணமான நாளிலிருந்து ஷேவிங் செய்துவிட்டு வெறும் தண்ணீரில் முகம் கழுவுகிற மனுஷன்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை ஒரு லாரி வந்தது. வழியில் பஞ்சராகி வெயிலில் நின்றுவிட்டதாம், கேன்களின் மேல் ஈரச் சாக்கைப் போட்டு மூடிக் கொண்டுவந்தார்கள். பால் புளித்துவிட்டது, அதோடு அந்த ஈரச் சாக்கு வாடையும் உள்ளே இறங்கிவிட்டது. நாற்பத்திரண்டு கேன், அத்தனைக்கும் த போட்டேன். மேனேஜர், அவனைத்தான் நாங்கள் பல்லு என்று கூப்பிடுவோம், எதற்கெடுத்தாலும் பல்லைக் காட்டுவான், அன்றைக்கும் காட்டினான். "ஒண்ணு கூடத் தேறாதா" என்று கேட்டான். தேறாது என்றேன். சரி என்று போய்விட்டான். பரவாயில்லை, திருந்திவிட்டான் போலிருக்கிறது என்றுகூட நினைத்தேன்.

வியாழக்கிழமை காலையில் உன் அப்பா காபிக்குப் பால் பாக்கெட்டை வெட்டினார். நான் கூடத்தில் புடவை மடித்துக்கொண்டிருந்தேன். அங்கேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அதே ஈரச் சாக்கு. அதன் மேல் சோப்புத் தண்ணீர் மாதிரி ஒரு வழவழப்பான வாடை, அது சோடா உப்பு. புளித்த பாலில் சோடாவைக் கொட்டினால் புளிப்பு அடங்கிவிடும், லேப்பில் புளிப்பை மட்டும் அளந்து பார்த்தால் பிடிபடாது. மற்ற பாலோடு கலந்து, காய்ச்சி, பாக்கெட்டில் அடைத்து, நான் தள்ளிய பாலை எனக்கே விற்றிருக்கிறார்கள். நான் எழுந்து போவதற்குள் உன் அப்பா பாதி டம்ளர் குடித்துவிட்டு, "ஏன், நல்லாத்தானே இருக்கு" என்றார். நான் பின்பக்கம் ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். எதிர் வீட்டுக்காரி இதே பாலைத்தான் கைக்குழந்தைக்குக் காய்ச்சிக் கொடுக்கிறாள். அவள் வீட்டுக்குப் போய், காய்ச்சிக்கொண்டிருந்த பாத்திரத்தை அப்படியே தூக்கித் தொட்டியில் ஊற்றினேன். அவள் என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை ஐந்து கேனுக்கு த போட்டேன். வழக்கமாக அடுத்த லாரிக்குப் போய்விடுவேன், அன்றைக்குப் போகவில்லை. கேன்களைத் தள்ளிக்கொண்டு போன வண்டியின் பின்னாலேயே போய்ப் பின்பக்க ஷெட்டுக்குள் நுழைந்தேன். அங்கே ஒருத்தன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். கட்டைவிரலில் எச்சில் தொட்டு நான் போட்ட த-வின் சுழியை அழித்தான், தலைக்கு மேல் நேராக ஒரு கோடு இழுத்தான். ந ஆகிவிட்டது. கீழே என் எழுத்து அப்படியே இருந்தது, அதை மட்டும் அழிக்கவில்லை. அவன் நிமிர்ந்து பார்த்தான். உன் மாமா.

என் கூடப் பிறந்தவன். எங்கேயும் நிலையாக வேலை பார்க்காமல் சுற்றியவனை, பல்லுக்கு முன்னால் இருந்த மேனேஜர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி லோடிங் பகுதியில் சேர்த்துவிட்டது நான்தான். அவன் பதறவில்லை, எழுந்திருக்கக்கூட இல்லை. "ஒரு கோடுதானேக்கா போட்டேன், மேனேஜர் சொன்னாரு. நீ ஏன் எல்லாத்துலயும் மூக்கை நுழைக்கற" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இருபத்து மூன்று வருஷமாக மூக்கை நுழைப்பதற்குத்தானடா எனக்குச் சம்பளம் தருகிறார்கள் என்றேன். சிரிப்பு அந்த ஒரு நொடிதான். எச்சில் தொட்ட அந்த விரலைப் பார்த்ததும் அப்படி ஒரு அருவருப்பு. எத்தனை மாதமாக என்று கேட்டேன், எட்டு மாதம் என்றான், ஏதோ புது வீட்டுக்குக் குடிவந்து எட்டு மாதம் என்பதுபோல. எட்டு மாதமாக நான் வேண்டாம் என்று சொன்னதெல்லாம் என் எழுத்தோடு ஊரார் வயிற்றுக்குள் போயிருக்கிறது.

அந்த மூடியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். சாக்பீஸ் அழியக் கூடாதென்று பஸ்ஸில் இரண்டு கையாலும் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு நின்றேன். பக்கத்திலிருந்த ஒரு கிழவர் நான் பாத்திரம் விற்பவள் என்று நினைத்து, மூடி மட்டும் தனியாகக் கொடுப்பாயா என்று கேட்டார். உன் மாமாவுக்கு இரண்டு நாள் கொடுத்தேன், நீயே போய்ச் சொல்லிவிடு, பல்லு சொல்லித்தான் செய்தேன் என்று சொல், நானும் கூட வருகிறேன் என்றேன். அவன் அதற்குப் பதிலாகத்தான் உனக்கு ஃபோன் செய்திருக்கிறான்.

இப்போது அந்தச் சாக்கடை வேலைக்கு வருகிறேன். ஆறு மாதம் முன்னால் நம் தெருக் குழாயில் தண்ணீர் வாடை வந்ததே, நான் குடிநீர் அலுவலகம் வரை போய்ச் சண்டை போட்டேனே, உன்னிடம் சொன்னேன். லேப்பில் நாலு நாள் கழித்து ஆமாம், கழிவுநீர் கலந்திருக்கிறது என்றார்கள். அதற்குள் தெருவில் பாதிப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். அப்போதே குடிநீர்ப் பிரிவின் எஞ்சினியர் அம்மா நம் வீட்டுக்கு வந்து, "லேப் ரிசல்ட் வர்றதுக்குள்ள ஜனங்க குடிச்சிடறாங்க, எங்களுக்கு ஒரு மூக்கு வேணும், வர்றீங்களா" என்று கேட்டார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். பால் மோந்த மூக்கால் அதையா என்று முகத்தைச் சுளித்து அனுப்பிவிட்டேன். உன்னைச் சொல்லிக் குற்றமில்லை, நானும் அப்படித்தான் இருந்தேன். அவர் ஃபோன் நம்பர் எழுதிக் கொடுத்த சீட்டை மட்டும் ஏனோ தூக்கிப் போடவில்லை.

மூடியோடு வந்த அன்றே உன் அப்பாவிடம் பால் கம்பெனியை விடப்போகிறேன் என்றதும் அவர் முதலில் செய்த காரியம் என்ன தெரியுமா, கடைக்குப் போய் ஒரு வாசனை சோப்பு வாங்கிக்கொண்டு வந்தார். இனிமேல் தடையில்லை என்று. அடுத்த வேலைக்கும் மூக்குதான் என்றேன். எங்கே என்று கேட்டார், சொன்னேன். "சீ" என்று ஒரே வார்த்தை. மறுநாள் பார்த்தால் சோப்பு பிரிக்காமல் எதிர் வீட்டுக்குப் போயிருக்கிறது. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை, அவர் சம்மதம் எப்போதும் இப்படித்தான் வரும்.

எனக்கு இந்த வயதில் வேறென்ன தெரியும் என்று எல்லோரும் கேட்கிறீர்கள். நாற்பத்தெட்டு வயதில் கம்ப்யூட்டரா கற்றுக்கொள்ளப் போகிறேன். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், நல்லது எது கெட்டது எது என்று மோந்து சொல்வேன். அது பாலாக இருந்தால் என்ன, தண்ணீராக இருந்தால் என்ன. சாக்கடை நாறுகிறது, அதன் குணம் அது, தன்னைப் பால் என்று அது சொல்லிக்கொள்வதில்லை. எனக்கு அதில் இப்போது அருவருப்பே இல்லை. பல்லு காட்டுகிற பல்லில் இருக்கிறது, உன் மாமாவின் கட்டைவிரலில் இருக்கிறது, எட்டு மாதம் தெரியாமல் இருந்துவிட்டேனே என்று என் மேலேயே இருக்கிறது.

திங்கட்கிழமை மூடியோடு உணவுச் சோதனை அலுவலகத்துக்குப் போனேன். இந்த எழுத்து யாருடையது என்றார்கள், என்னுடையது என்றேன். அப்படியென்றால் விசாரணை உங்கள் மேலும்தான் வரும் என்றார் எழுதிக்கொண்டிருந்தவர். வரட்டும் என்று சொல்லிவிட்டேனே தவிர, படி இறங்கும்போதே யோசனை பிடித்துக்கொண்டது. விசாரணையில் இருப்பவளை யார் வேலைக்கு எடுப்பார்கள். மறைத்துவிட்டு எஞ்சினியரிடம் சேர்ந்துவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது, பொய் சொல்ல மாட்டேன், மாமாவும் நானும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள்தானே. அந்த நினைப்பு வந்ததற்கே எனக்கு என்னைப் பிடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை போய் எல்லாவற்றையும் சொன்னேன். த, ந, மாமா, மூடி, விசாரணை, ஒன்றுவிடாமல். எஞ்சினியர் அம்மா மேஜையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். சரி, முடிந்தது என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். "எங்க போறீங்க, வண்டியில ஏறுங்க" என்றார். ஒரு தெருவுக்குக் கூட்டிப்போனார். மூன்று வீட்டுக் குழாயில் மூன்று பாட்டிலில் பிடித்துக் கொடுத்தார்கள். உள்ளங்கையில் வைத்துக் கொஞ்சம் சூடாக்கி, குலுக்கி, மூடியைத் திறந்து மோந்தேன். முதல் இரண்டும் சரி. மூன்றாவது, பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தது, குடித்துப் பார்த்த வீட்டுக்காரர் நல்ல தண்ணீர் என்றார். நான் முழங்கையை மோந்துவிட்டு மறுபடி பார்த்தேன். வேண்டாம் என்றேன். எஞ்சினியர் அம்மா என்னைத் திருப்பிக் கேட்கவில்லை, நிச்சயமா என்றுகூடக் கேட்கவில்லை, ஆளைக் கூப்பிட்டு, "வால்வை மூடு" என்றார். இருநூற்றுச் சொச்சம் வீட்டுக்குத் தண்ணீர் நின்றது. வாளியோடு ஒருத்தி ஓடிவந்து எவ சொன்னது என்று கத்தினாள். நான்தான் என்றேன். அவள் என்னை வாய்க்கு வந்தபடி திட்டினாள், நான் நடுத்தெருவில் நின்று அழுதேன், அவள் திட்டியதால் அழுகிறேன் என்று நினைத்துப் பாவம் அவளே நிறுத்திவிட்டாள். எட்டு மாதத்துக்கு அப்புறம் நான் வேண்டாம் என்று சொன்னது வேண்டாமாகவே இருந்தது மகளே.

லேப் முடிவு நாளை மறுநாள் வரும். புதன்கிழமை பால் கம்பெனியில் ராஜினாமாவைக் கொடுத்துவிட்டேன், பல்லு அன்றைக்குப் பல்லைக் காட்டவில்லை. விசாரணை முடிகிறவரை தினக்கூலியாக வரச் சொல்லியிருக்கிறார் எஞ்சினியர் அம்மா, வருகிற திங்கட்கிழமை போகிறேன். உன் மாமியார் கேட்டால் சாக்கடை மோந்து பார்க்கிறாள் என்றே சொல், எனக்கு ஒரு குறைச்சலும் இல்லை. வெட்கமாக இருந்தால் பேசாமல் இரு, பொய் மட்டும் சொல்லாதே.

உன்னைத் திட்டி எழுதியதை மனதில் வைத்துக்கொள்ளாதே, வைத்துக்கொண்டாலும் நேரத்துக்குச் சாப்பிடு. பாலைக் காய்ச்சும் முன்னால் ஒரு தரம் மோந்து பார், என் மூக்கில் பாதியாவது உனக்கு வந்திருக்கும். நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் உண்மையாக, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். அப்பாவும் இதையேதான் சொல்கிறார், எழுதத்தான் சோம்பல்.

இன்னொன்று. உன் மாமா மறுபடி ஃபோன் செய்வான். அக்கா புகாரில் என் பெயரை எழுதிவிட்டாளா என்று உன்னிடம் துருவிக் கேட்பான். எழுதியிருக்கிறாள் என்று சொல். அவன் பெயர் இரண்டாவதாக இருக்கிறது. முதலில் எழுதியது என் பெயர்.

இப்படிக்கு,
என்றும் உன் நலத்தையே நினைக்கும்
அம்மா