வெர்னிடம் நான் சொன்னது

சான் எலியாஸ், கலிஃபோர்னியா
பிப்ரவரி 16, ஞாயிறு

அன்புள்ள ஹெர்மி,

நீயும் யெசெனியாவும் பேரப்பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும் என்று இன்று காலைப் பூசையில் வேண்டிக்கொண்டு வந்து இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். கையால் எழுதுகிறேனே என்று நினைக்காதே. கல்லூரி மின்னஞ்சலில் எழுதினால் நாளைக்கு யார் வேண்டுமானாலும் மனுப் போட்டு வாங்கிப் படிக்கலாம். அது உனக்கும் தெரியும். இது நீ மட்டும் படிக்க வேண்டியது.

இந்த வருஷம் மூடுபனி நீண்டுவிட்டது. மூன்று நாள் காலை வகுப்புகளைப் பத்து மணிக்குத் தள்ளி வைத்தோம். இப்போது வெயில் வந்து, நெடுஞ்சாலைக்கு இரண்டு பக்கமும் பாதாம் பூத்திருக்கிறது. எனக்கு வழக்கம்போலத் தும்மல்.

நம் மாவட்டத்துச் செய்திகளைக் கேட்டிருந்தாய். சான்சலர் கெட்னர் கிறிஸ்துமஸுக்கு முன்பே ஓரிகனுக்குப் போய்விட்டார். அதனால் மூன்று கல்லூரிகளுக்கும் மேலே இருக்கும் அந்த நாற்காலி காலி. நம் கல்லூரியில் உன் பழைய அறையில் இருப்பவர் மூன்றாவது ஆள். நீ போன பிறகு அந்தத் துணை முதல்வர் பதவியில் யாரும் இரண்டு வருஷம் தாண்டவில்லை. பதிவு அலுவலகத்து லூப்பே ஓய்வு பெற்றுவிட்டாள். கடைசி நாளன்றும் ஒரு மாணவியைப் படிவத்தைத் தப்பாக நிரப்பினாள் என்று அழ வைத்துவிட்டு, பிறகு தானும் சேர்ந்து அழுதாளாம்.

மாணவர் மையம் கட்டி முடிந்துவிட்டது. அதற்கு உன் பெயரை வைக்க வேண்டும் என்று நிர்வாகக் குழுவில் ஏழு பேரும் ஒருமித்துக் கை தூக்கினார்கள். அழைப்புக் கடிதத்தில் முதல்வர் என்ற முறையில் நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

அதற்கு நீ எழுதிய பதில் மேசைமேல் இருக்கிறது. தட்டச்சு யெசெனியாவுடையது, கையெழுத்து உன்னுடையது. எழுதிக்கொண்டே போகும்போது எழுத்துகள் சிறுத்து, கடைசியில் உன் குடும்பப் பெயர் 'ஓசெகெரா' எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. விழாவில் கம்பு ஊன்றி நடக்கப் போகிறேன், எல்லாருக்கும் தெரியத்தானே போகிறது, அதை நீயே மேடையில் சொல்லிவிடு என்று எழுதியிருக்கிறாய். அதற்குக் கீழே, "இத்தனை வருஷம் ஒருத்தர்கிட்டயும் வாய் திறக்காம என்னைக் காப்பாத்தினவ நீ ஒருத்திதான், கோமாத்ரே" என்று.

யெசெனியாவின் ஞானஸ்நானத்தில் அவளை நான் ஏந்தி நின்ற நாளிலிருந்து நீ என்னை அப்படித்தான் கூப்பிடுகிறாய். அந்த வரியைப் படித்துவிட்டு அன்று இரண்டு கூட்டங்களை ரத்து செய்தேன்.

ஹெர்மி, நான் உன்னைக் காப்பாற்றவில்லை.

நீ என்னிடம் சொன்னது விவசாயப் பிரிவுக்குப் பின்னால், உன் காருக்குள். வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு, பார்க்கின்சன், ஆரம்ப நிலை, மாத்திரை எடுத்தால் பல வருஷம் வேலை செய்யலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றாய். "யார்கிட்டயும் மூச்சு விடாதே. பரிதாபப்பட ஆரம்பிச்சாங்கன்னா அப்புறம் நான் பேசறது எதுவும் அவங்க காதுல விழாது" என்றாய். நான் சத்தியம் செய்யக்கூட இல்லை. நமக்குள் அதற்குத் தேவை இருந்ததில்லை.

அந்த இலையுதிர் காலத்தில்தான் க்ரோக்கர் முதல்வர் பதவியிலிருந்து ஓய்வு பெறப் போவதாக அறிவித்தார். நீ விண்ணப்பித்தாய். நானும் விண்ணப்பித்தேன். "சும்மா பட்டியல் நிறையணும்னு போட்டு வச்சிருக்கேன், உனக்குத்தான் கிடைக்கும்" என்று உன்னிடம் சொன்னேன். அது பொய். எனக்கு அந்தப் பதவி வேண்டியிருந்தது. இருபது வருஷம் பாடத்திட்டக் குழுக்களில் உட்கார்ந்து தேய்ந்தவள் நான். வாசலில் மாணவர்கள் உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், என்னைப் பார்த்தால் நூலகத்துக்கு வழி கேட்பார்கள். அது எனக்கு வலித்திருக்கிறது என்று உன்னிடம் ஒருநாளும் காட்டிக்கொண்டதில்லை.

நேர்காணலுக்கு ஒரு வாரம் முன்பு நிர்வாகக் குழுவின் மூத்த உறுப்பினர் வெர்ன் டிக்கர்சன் என்னை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தார். அவருடைய பாதாம் கிடங்குக்கு எதிரே இருக்கிறதே, அந்த இறைச்சிச் சாப்பாட்டுக் கடையில். பாதி சாண்ட்விச் தின்றபோது அவர் கேட்டார்: "ஹெர்மினியா கொஞ்ச நாளா ஒரு மாதிரி இருக்காளே. உடம்புக்கு ஏதாவதா? உனக்குத் தெரியாம இருக்காது."

ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். அவளிடமே கேளுங்கள் என்று சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் ஆறு வருஷமாக அது எனக்கு மனப்பாடம்: "அதை நான் சொல்லக் கூடாது, வெர்ன். ஆனா இது அஞ்சாறு வருஷம் விடாம ஓட வேண்டிய வேலை. அதை மட்டும் மனசுல வச்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க."

நோயின் பெயரைச் சொல்லவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானத்தோடுதான் நேர்காணலுக்குப் போனேன். நான்குக்கு மூன்று வாக்கில் பதவி எனக்கு வந்தது. மறுநாள் நீ பால் கேக் செய்து எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தாய். உன் இடது கையில் தட்டு இருந்தது. வலது கை கோட்டுப் பையில்.

அதற்குப் பிறகு நடந்த ஒன்று உனக்கு ஞாபகம் இருக்கும். குழு உறுப்பினர்கள் உன்னைக் காணும்போதெல்லாம் கட்டிப்பிடித்தார்கள். வெர்னின் மனைவி உன் வீட்டு வாசலில் இரண்டு முறை சமைத்த சாப்பாடு வைத்துவிட்டுப் போனாள். "தோத்ததுக்கு இவ்வளவு மரியாதைன்னா முன்னாடியே தோத்திருப்பேனே" என்று நீ சிரித்தாய். நானும் கூடச் சிரித்தேன்.

அந்தக் கோடையில் நீ விலகினாய். உன்னைப் பற்றி மாவட்டச் செய்தி அறிக்கைக்கு கெட்னர் அலுவலகம் அனுப்பிய வரைவில் 'உடல்நலம் கருதி' என்று இருந்தது. அதை நீ படித்தால் அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். அதனால் அடித்துவிட்டு 'குடும்பத்தினருடன் வாழ விரும்பி' என்று நானே மாற்றினேன். அதையும் உன் நன்மைக்குச் செய்ததாகவே அன்று நினைத்தேன்.

உனக்குப் பதிலாக உட்கார்ந்து நான் என்ன கிழித்தேன் என்றும் சொல்ல வேண்டும். மோசமான முதல்வர் இல்லை என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் மேற்கே உள்ள ஊர்களிலிருந்து தோட்ட வேலைக்காரர்களை வகுப்புக்குக் கூட்டிவர நீ கெஞ்சி வாங்கிய மாலைப் பேருந்தை மூன்றாம் வருஷம் நான் நிறுத்தினேன். அடுத்த பருவத்தில் அந்த ஊர்களிலிருந்து பதினோரு பேர் வந்தார்கள். அதற்கு முந்தின வருஷம் தொண்ணூற்று நான்கு பேர். நீ இருந்திருந்தால் நிறுத்தியிருக்க மாட்டாய்.

நீயோ யெசெனியா இருக்கும் லாஸ் குரூசஸுக்குப் போய் முதியோர் கல்விப் பள்ளியில் ஐந்து வருஷம் ஒரு வகுப்பையும் விடாமல் நடத்தினாய். ஐந்தாறு வருஷம் ஓட வேண்டிய வேலை என்றேன் அல்லவா, ஹெர்மி. உன்னால் ஓட முடிந்தது.

போன செவ்வாய்க்கிழமை வெர்ன் மறுபடியும் சாப்பிடக் கூப்பிட்டார். சான்சலர் பதவிக்கு இரண்டு பெயர்தான் மிஞ்சியிருக்கிறது: நான், வடக்குக் கல்லூரி முதல்வர் பாகூ வாங். அவளுடைய கணவருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். வெர்ன் ஊறுகாயை ஒதுக்கிக்கொண்டே, "பாவம், வீட்ல அவ்வளவு கஷ்டம். அவளால இந்த வேலை தாங்குமா, நீ என்ன நினைக்கிறே?" என்றார்.

உன்னிடம் மறைக்கக் கூடாது. பதில் என் வாயில் தயாராக இருந்தது. அதை மென்று விழுங்க எனக்கு நேரம் பிடித்தது. பிறகு சொன்னேன்: "ஹெர்மினியா பத்தி இதே மாதிரி கேட்டீங்க, வெர்ன். நான் பதில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது."

அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "நீ நல்லதுக்குத்தானே சொன்னே? கான்சர்காரியை அந்த நாற்காலியில உட்கார வச்சு நாம கொன்னுடக் கூடாதுன்னுதான் நானும் இன்னும் ரெண்டு பேரும் மாத்திப் போட்டோம். ஆமா, அவ எப்படிப் பிழைச்சா?"

கான்சர். நான் விட்ட இடத்தை அவர்கள் நிரப்பிக்கொண்டார்கள். அந்தக் கட்டிப்பிடிப்பும் சாப்பாடும் எதற்கு என்று உனக்கு இப்போது புரியும். இப்போது ஏழு பேரும் கை தூக்கியது உன் வேலைக்காகவா, சாவை வென்றவள் என்பதற்காகவா என்று எனக்குத் தெரியவில்லை. அதையும் நான் கெடுத்துவிட்டேன். உனக்குக் கான்சர் இருந்ததே இல்லை என்று மட்டும் வெர்னிடம் சொன்னேன். வேறு என்ன என்று கேட்டார். சொல்லவில்லை.

மறுநாள் என் பெயரை விலக்கிக்கொண்டேன். வியாழக்கிழமை வரும் அறிக்கையில் 'தனிப்பட்ட காரணங்களுக்காக' என்று இருக்கும். ஜூனோடு முதல்வர் வேலையையும் முடித்துக்கொள்கிறேன். இதைப் பெரிய தியாகம் என்று நினைத்துவிடாதே. எனக்கு அறுபத்து நான்கு வயது, முழு ஓய்வூதியத்தோடு போகிறேன். நீ அப்படிப் போகவில்லை.

பாகூவைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். சொன்னால் கொஞ்சம் லேசாகும் என்று நினைத்தேன் போல. அவள் கடைசிவரை கேட்டுவிட்டு, "இதை எங்கிட்ட எதுக்கு சொல்றீங்க, டார்லீன்? சொல்ல வேண்டியவங்ககிட்ட சொன்னீங்களா?" என்றாள். காபி வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.

நேற்று உனக்கு ஃபோன் செய்தேன். யெசெனியா எடுத்தாள். "நினா, அம்மா உடற்பயிற்சிக்குப் போயிருக்காங்க. நீங்க மேடையில பேசறதைக் கேக்கன்னே நீல கவுன் ஒண்ணு வாங்கி வச்சிருக்காங்க, தெரியுமா? தினம் எடுத்துப் பார்த்துட்டு உள்ள வைக்கிறாங்க" என்றாள். ஏதோ சொல்லி வைத்துவிட்டேன். நினா, ஞானத்தாய் என்று என்னைக் கூப்பிடும் என் ஞானமகளிடம் பேசவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

இதை மன்னிப்புக்காக எழுதவில்லை என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். ஆனால் அதற்காக மட்டும் இல்லை. நீ அந்த மேடையில் என்னைக் கட்டிப்பிடித்து, நான் செய்யாத ஒன்றுக்காக எல்லார் முன்னாலும் நன்றி சொல்ல நான் விடக் கூடாது. நான் பேசத்தான் வேண்டும் என்று இதற்குப் பிறகும் நீ சொன்னால் பேசுகிறேன், இதையும் சேர்த்து. பாகூ பேசட்டும் என்றால், பிறகு கேட்டுப் பார்த்தேன், அவள் சம்மதித்திருக்கிறாள். நான் அங்கே இருக்கவே கூடாது என்றால் யெசெனியாவிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு. அன்று ஊரிலேயே இருக்க மாட்டேன். ஆனால் நீ வராமல் இருந்துவிடாதே. அந்தப் பெயர் உன்னுடையது. அதை நீ வந்து பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 25, காலை பத்து மணி. மேடைக்கு நான்கு படிகள் வைத்திருக்கிறார்கள். இடப் பக்கம் கைப்பிடி போடச் சொன்னேன், உயரம் உன் இடுப்பளவு. எதற்கு என்று தச்சர் கேட்டார். போடச் சொன்னேன், அவ்வளவுதான்.

கடவுள் உன்னை வழியெல்லாம் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். வந்துவிடு, ஹெர்மி.

டார்லீன் சில்வெய்ரா