சூரியன் அடங்கியிருந்த வருடம்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் மலையில் சிக்னல் கிடைக்காததால் இந்தக் காலத்திலும் என்னைப் பேனா பிடிக்க வைத்துவிட்டாய். நல்ல செய்தி. நீ பெரியம்மா ஆகப் போகிறாய். இரண்டு மாதம் முடிந்துவிட்டது. என் வீட்டுக்காரர், அதாவது உன் மாப்பிள்ளை, என்னைவிட அதிகமாகச் சாப்பிடுகிறார். அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. "மருமகளே, நீ தரையில காலே வைக்கக் கூடாது" என்கிறார். நான் எங்கே தரையில் இருக்கிறேன்? துருவத்தை ஒட்டிப் போகும் அந்த நீளமான வழியில், விமானத்தில் டீ வண்டியைத் தள்ளிக்கொண்டு வானத்தில் அல்லவா நடக்கிறேன்.

கூட வேலை செய்கிற ஒருத்தி, "அவ்ளோ உயரத்துல ஏதோ கதிர் படுமாம்டி, வயித்துப் பிள்ளைக்கு ஆகாதாம்" என்று கிளப்பிவிட்டாள். அந்தக் கதிரைத்தானே நீ உன் மலை ஆராய்ச்சி நிலையத்தில் கொட்டகை போட்டு எண்ணிக்கொண்டிருக்கிறாய்? இப்போது சூரியன் ரொம்ப அமைதி என்று போன தடவை எழுதியிருந்தாய். அப்படியென்றால் எனக்கு நல்லதுதானே?

வாந்திதான் நிற்கவில்லை. பயணிகளுக்குப் பை நீட்டிய எனக்கு இப்போது பயணிகள் பை நீட்டுகிறார்கள்.

உன்
சிட்டு

ஜனவரி 24

என் கண்ணு சிட்டுவுக்கு,

கடிதத்தைப் படித்த கையோடு கூரையில் பனி தள்ள ஏறினேன். பனி மூடினால் எங்கள் கருவி கதிர்களின் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டும். யாராவது தள்ளியே ஆக வேண்டும். மேலே நின்று, ஆளில்லாத மலையைப் பார்த்து, "நான் பெரியம்மாடோய்!" என்று கத்தினேன். கீழே டெக்னீஷியன் பயந்துபோய் ஏணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

நீ நினைத்தது நேர்மாறு. அந்தக் கதிர்கள் பெரும்பாலும் சூரியனிலிருந்து வருபவை அல்ல. எங்கோ வெடித்துச் சிதறிய நட்சத்திரங்களிலிருந்து வருபவை. சூரியன் கொந்தளிக்கும் வருடங்களில் அதன் காற்றும் காந்தப்புலமும் அவற்றில் ஒரு பங்கைத் தள்ளி விரட்டிவிடும். சூரியன் அடங்கிக் கிடந்தால் விரட்ட ஆளில்லை. இந்த வருடம் எங்கள் கருவி, நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து பார்க்காத அளவுக்கு எண்ணித் தள்ளுகிறது. தரையில் இருப்பவர்களுக்குத் தலைக்கு மேலுள்ள காற்றே போர்வை. உன் உயரத்தில் அந்தப் போர்வை மெல்லியது, துருவத்துப் பக்கம் பூமியின் காந்தக் காப்பும் குறைவு.

பயப்படாதே, ஆபத்து சிறியதுதான். ஆனாலும் நாளைக்கே தரை வேலை கேள். என் பேச்சை ஒரு தடவையாவது கேள்.

ஆசையுடன்
அக்கா

பிப்ரவரி 19

அக்கா,

உன் கடிதம் வந்த அன்றே கேட்டேன். "ஆர்டர் வரட்டும்மா, அதுவரைக்கும் எனக்கு ஆள் வேணாமா?" என்றார் மேலாளர். இன்னும் இரண்டு தடவை போய் வந்தேன். இரண்டாவது தடவை திரும்பும்போது, விமானத்தின் பின்பக்கக் கழிவறையில், எல்லாம் முடிந்துவிட்டது. வெளியே யாரோ கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். முகத்தைக் கழுவிக்கொண்டு, "மன்னிச்சிடுங்க சார்" என்று வழிவிட்டேன்.

அத்தை என்னோடு பேசுவதில்லை. சுவரோடு பேசுகிறார். "பறந்து பறந்தே கொன்னுட்டா."  நேற்று உன் மாப்பிள்ளையும் கேட்டுவிட்டார். "அக்கா எழுதின அப்புறமும் எதுக்குப் போன?"

காரணம் சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். நீ சொன்னால் உன் மாப்பிள்ளை நம்புவார். பறந்ததால் இல்லை என்று உங்கள் நிலையத்து முத்திரை வைத்து ஒரு வரி எழுதி அனுப்பு. ஒரே ஒரு வரி அக்கா.

சிட்டு

மார்ச் 3

என் தங்கமே,

உன்னை மடியில் போட்டுக்கொள்ள முடியாத தூரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். பாதை பனியில் மூடிக் கிடக்கிறது, தபால் பை மட்டும் கம்பி வடத்தில் இறங்குகிறது; பாதை திறந்ததும் வருகிறேன்.

மாப்பிள்ளைக்குத் தனித் தாள் வைத்திருக்கிறேன். உன்மேல் பட்ட அளவு சிறியது, இப்படிக் கரு கலைவது காரணமே தெரியாமல் எத்தனையோ பேருக்கு நடக்கிறது, இது பறந்ததால் என்று நினைக்க ஆதாரமில்லை என்று விளக்கமாக எழுதியிருக்கிறேன். ஆனால் துளியும் தொடர்பில்லை என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது என்பதையும் கடைசியில் சேர்க்க வேண்டியதாயிற்று. தெரியாததைத் தெரியும் என்று எழுதி முத்திரை குத்த எனக்குக் கை வரவில்லை. படித்தவர், புரிந்துகொள்வார்.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

மார்ச் 21

அக்காவுக்கு,

உன் மாப்பிள்ளை கடைசி வரியை மட்டும் அத்தைக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார். "பாரு, உங்க அக்காவே எழுதிட்டாங்க" என்றார். அன்றைக்கே பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை. ஜன்னலைத் திறந்தால் கார் நிறுத்துமிடம்.

உன்மேல் தப்பில்லை. நீ எழுதியது அத்தனையும் சரி. நான் அக்காவிடம் கேட்டேன், ஆபீசிலிருந்து பதில் வந்தது. அவ்வளவுதான்.

திங்கட்கிழமையிலிருந்து மறுபடி பறக்கிறேன். அதே வழியைக் கேட்டு வாங்கினேன். இனி யாருக்காகப் பயப்பட வேண்டும்? சூரியன் தூங்குகிறதா, விழித்திருக்கிறதா என்றெல்லாம் எனக்கு எழுதாதே. எதுவுமே எழுதாதே.

சிட்டு

செப்டம்பர் 9

என் சிட்டுவுக்கு,

எழுதாதே என்றாய். ஐந்து மாதம் அடக்கிப் பார்த்தேன். பாதை திறந்த பிறகும் உன் முன்னால் வந்து நிற்கத் துணிவில்லை.

போன வாரம் சூரியன் ஒரு தடவை புரண்டு படுத்தது. அது வீசியெறிந்த மேகம் பூமியைக் கடந்தபோது எங்கள் எண்ணிக்கை கண்ணெதிரே சரிந்தது. எல்லாரும் திரையைச் சுற்றி நின்று கை தட்டினார்கள். இன்றைக்கு என் சிட்டுமேல் கொஞ்சம் குறைவாகப் படும் என்று மட்டும் எனக்குத் தோன்றியது. வெளியே போய் அழுதேன். மறுநாள் சாமான் வண்டியில் இறங்கி வந்தேன்.

விமான நிலையத்தில் உங்கள் ஆட்கள் வெளியே வரும் வாசலில் நின்றேன். முடியை ஒட்ட வெட்டியிருக்கிறாய். கூட வந்தவளிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தாய். என்னைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாய். பிறகு வேனில் ஏறிவிட்டாய். "யாருடி அது?" என்று அவள் கேட்டது காதில் விழுந்தது. நீ என்ன சொன்னாய் என்று எனக்குக் கேட்கவில்லை.

குறை சொல்ல எழுதவில்லை. நீ கேட்ட வரியைக் கொடுக்க எழுதுகிறேன். முத்திரை இல்லை. மாப்பிள்ளைக்கும் இல்லை, உனக்கு.

நீ பறந்ததால் இல்லை, கண்ணு.

கிழித்துப் போடுவதென்றால் போடு. படித்துவிட்டுக் கிழி.

அக்கா