மாலதி மேடம் சொன்னாங்க

அன்புள்ள மாமாவுக்கு,

சுடர்விழி எழுதுவது. நானும் அறிவுமதியும் இருக்கிறோம். கடிதம் என்றால் இந்த இடத்தில் நீங்கள் நலமா என்று கேட்க வேண்டும். இந்தத் தடவை கேட்கப்போவதில்லை. காரணம் கடைசியில் இருக்கிறது. அங்கே தாவாமல் வரிசையாகப் படியுங்கள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நான் கோபப்பட்டால் உங்கள் ரூமில் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்கிறது. லீவு முடிந்து தௌபீக் அண்ணன் சவூதிக்குத் திரும்புகிறார். உங்கள் கேம்ப்பிலேயே இருக்கிறவர் என்பதால் மோர்மிளகாய், நார்த்தங்காய் ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். ஊறுகாயை எல்லோருக்கும் கொடுங்கள். கடிதத்தைக் கொடுக்காதீர்கள்.

சம்பா நடவு முடிந்தது. ஆற்றில் தண்ணீர் நன்றாக வருகிறது, நம் வாய்க்காலில்தான் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டு கடைமடைக்கு ஏற மாட்டேன் என்கிறது. அறிவுமதி பள்ளிக்கூடத்தில் கபடி சேர்ந்திருக்கிறாள், முழங்கால் முழுக்கச் சிராய்ப்பு. அப்பா ஏன் வீடியோவில் வருவதில்லை என்று நச்சரிக்கிறாள். நெட் சரியில்லை என்று நீங்கள் சொன்னதையே சொல்லி வைத்திருக்கிறேன். ஆனால் மாலதி மேடம் பேசின பாதுகாப்பு வீடியோவை மட்டும் அதே நெட் எப்படி அனுப்பியது என்று அவள் கேட்கவில்லை. நான் கேட்கிறேன்.

மாலதி மேடம் கும்பகோணத்துப் பெண், உங்கள் கம்பெனியில் சேஃப்டி ஆபீசர், கெட்டிக்காரி. இதெல்லாம் நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும், நானாகக் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை போன் எடுத்தால் மாலதி மேடம் சொன்னாங்க என்றுதான் பேச்சே ஆரம்பிக்கிறது. வெயிலில் வேலை பார்க்கிறீர்கள், தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் குடியுங்கள் என்று நீங்கள் விமானம் ஏறின நாளிலிருந்து சொல்லி வருகிறேன். ஒரு நாள் கேட்டீர்களா? அவள் சொன்னாள், உடனே பெரிய பாட்டில் வாங்கிவிட்டீர்கள், அதைப் படம் பிடித்து எனக்கே அனுப்பினீர்கள். பாதுகாப்பு தினத்தில் எல்லோரும் மஞ்சள் சட்டை போட்டு நின்ற படத்தில் அவள் பக்கத்தில் நின்று ஒரு சிரிப்புச் சிரிக்கிறீர்களே, அந்தச் சிரிப்பை நம் கல்யாண ஆல்பத்தில் தேடிப் பார்த்தேன். ஒரு பக்கத்திலும் இல்லை. வயிற்றெரிச்சல்தான், மறைக்கவில்லை. அவள் என்று எழுதியிருக்கிறேன், அதையும் அடித்துத் திருத்தப்போவதில்லை.

இப்போது நான் வேலைக்குப் போகிற ரைஸ் மில் விஷயம். தெற்குத் தெரு காத்தாயி அக்கா ஆஸ்பத்திரியில் இருந்தார் என்று மட்டும் போனில் சொன்னேன். முழுசாகச் சொல்லவில்லை.

ஐப்பசி மழையில் குடோனில் மூட்டைகளுக்கு வண்டு வைத்துவிட்டது. சூப்பர்வைசர் அரசப்பன் சாயங்காலம் மூட்டைகளைத் தார்ப்பாயால் மூடி உள்ளே வண்டு மாத்திரை வைத்தார். ஒரு நாள் கூட அதை அப்படியே விட்டுவைக்கவில்லை. லாரி வருகிறது என்று மறுநாள் காலையிலேயே தார்ப்பாயை எடுத்துவிட்டுப் பெண்களை உள்ளே போய்க் கூட்டிப் பெருக்கச் சொன்னார். அழுகின மீன் வாடை அடித்தது. காத்தாயி அக்காதான் எல்லோருக்கும் முன்னால் போனார். கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்து அப்படியே சரிந்துவிட்டார். வெறும் வயிற்றில் வந்திருப்பார், வெல்லம் கொடுங்கள் என்றார் அரசப்பன். யாரோ ஓடிப்போய்ப் பால் வாங்கி வந்தார்கள். பயப்படத் தோன்றவில்லை மாமா. மாத்திரை என்றுதானே பெயர்.

அந்தப் பெயர்தான் ஆஸ்பத்திரியில் எங்களைக் கவிழ்த்தது. என்ன ஆச்சு என்று டாக்டர் கேட்டார். மாத்திரை சார் என்றோம் எல்லோரும். எத்தனை என்றார். ஒரு டப்பா சார் என்று நான்தான் சொன்னேன். குடோனில் வைத்ததை நான் சொன்னேன், அக்கா விழுங்கியதாக அவர் எடுத்துக்கொண்டார். அக்காவுக்கு நினைவு தெளிவாக இல்லை, மறுத்துச் சொல்ல முடியவில்லை. தற்கொலை முயற்சி என்று எழுதிவிட்டார்கள். போலீஸ் வந்து மருமகளைத் தனியாகக் கூப்பிட்டு, மாமியாரோடு என்ன சண்டை என்று விசாரித்தது. அந்தப் பெண் அழுது அழுது முகம் வீங்கிவிட்டது. அரசப்பன் வாயைத் திறக்கவில்லை. அவருக்கு வசதியாகத்தானே போயிற்று. திங்கட்கிழமை இரண்டாவது குடோனைக் கூட்ட வேண்டும் என்று எங்களுக்கு ஆள் வேறு அனுப்பினார்.

அது என்ன மாத்திரை, உள்ளே போகலாமா கூடாதா என்று போனில் தேடினேன். ஒருவர் பால் குடித்தால் போதும் என்கிறார். இன்னொருவர் வேப்பிலைப் புகை போடச் சொல்கிறார். மூன்றாவது ஆள் தன்னிடம் ஒரு மூலிகை மாஸ்க் வாங்கச் சொல்கிறார். டாக்டர் படம் போட்டு ஒரு செய்தி வந்தது, கீழே டாக்டர் பெயரே இல்லை. கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி எங்கே போச்சு என்பார்கள். எனக்கு மதி இருந்தது மாமா, கேட்க வேறு ஆள்தான் இல்லை. உரக்கடைக்குப் போனேன். விற்பதுதான் என் வேலை, மற்றது தெரியாதும்மா என்று அவர் உண்மையைச் சொன்னார்.

உங்களைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் மாலதி மேடத்திடம் கேட்டுச் சொல்கிறேன் என்பீர்கள். அதைக் கேட்பதற்குப் பதில் நானே அவளிடம் கேட்டுவிடலாம் என்று தௌபீக் அண்ணனிடம் நம்பர் வாங்கினேன். வெடுக்கென்று நாலு வார்த்தையில் முடித்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போட்டேன்.

முதலில் அவள் கேட்டது, நீங்க இப்ப எங்க நிக்கிறீங்க, உள்ளயா வெளியவா என்று. அத்தனை பேரைக் கேட்டேன், ஒருவரும் என்னை அப்படிக் கேட்கவில்லை. பிறகு டப்பா மேல் என்ன எழுதியிருக்கிறது என்றாள். எடைமேடை அறையில் அரசப்பன் பேனா போட்டு வைத்திருக்கிறாரே, அது காலி மாத்திரை டப்பாதான். போய் ஜன்னல் வழியாகவே படம் பிடித்து அனுப்பினேன். மண்டையோடு போட்டிருந்தது. தினமும் அதிலிருந்து பேனா எடுத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

அது விழுங்குகிற மாத்திரை இல்லை, காற்றில் இருக்கிற ஈரம் பட்டால் விஷவாயுவாக மாறுகிற சாமான் என்று விளக்கினாள். அக்கா எதையும் தின்னவில்லை, சுவாசித்திருக்கிறார். பாலும் வெல்லமும் அதற்கு மருந்தே இல்லை. கதவைத் திறந்து போட்டு, வாயு போய்விட்டதா என்று கருவி வைத்துப் பார்த்த பிறகுதான் ஆள் போக வேண்டும். டப்பாவோடு ஒரு துண்டுத்தாள் வரும், அதில் தமிழிலும் இருக்கும், அதை மில்லில் கேட்டு வாங்குங்கள் என்றாள். தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்துக்கு எப்படிப் புகார் எழுதுவது என்றும் சொன்னாள். அப்புறம் சொன்னது அப்படியே மனசில் நிற்கிறது.

"போன்ல வர்றதெல்லாம் ஒண்ணு இல்லீங்க. யார் சொல்றாங்க, எப்ப சொன்னாங்க, தப்பாப் போனா அவங்களைப் போய்க் கேக்க முடியுமா, இதைப் பாத்துட்டு நம்புங்க. நான் சொல்றதையும் அந்தத் தாளை வச்சுச் சரிபாருங்க."

டப்பாவின் படத்தை டாக்டரிடம் காட்டினோம். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். எழுதினதை மாற்றினார், மருமகளிடம் மறுபடி போலீஸ் வரவில்லை. அக்கா வீட்டுக்கு வந்துவிட்டார், மெதுவாகத்தான் நடக்கிறார். திங்கட்கிழமை நாங்கள் ஒருவரும் குடோனுக்குள் போகவில்லை, புங்கமரத்தடியில் உட்கார்ந்துவிட்டோம். அரசப்பன் கத்தினார், முதலாளி வந்தார். ஆய்வாளருக்கு மனு போயிருக்கிறது என்று தெரிந்ததும் முதலாளியின் குரல் இறங்கிவிட்டது. கருவி வாங்கியிருக்கிறார்கள். துண்டுத்தாளைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்ததே, பிறகென்ன கோபம் என்பீர்கள். போனை வைக்கும் முன் அவள் ஒன்று சொன்னாள். "உங்க சார் அன்னைக்கு மாடியிலேருந்து விழுந்தப்பகூட, நான் சொன்னதைக் கேட்டு சேஃப்டி பெல்ட்டு மாட்டியிருந்தாரு. பெல்ட்டு மட்டும் மாட்டலன்னா நினைச்சே பாக்க முடியாதுங்க. தோள்பட்டை இப்ப பரவாயில்லைல?"

ஆமாம், இப்போது பரவாயில்லை என்றார் என்று நான் சொன்னேன்.

எனக்குத் தெரியாது என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை மாமா. அவள் முன்னால் தோற்க மனமில்லை. தெரிந்தவள் மாதிரியே பேசி, எந்த மாடி, எவ்வளவு நேரம் பெல்ட்டில் தொங்கினீர்கள், கையை எத்தனை வாரம் கட்டித் தொங்கப்போட்டார்கள் என்று ஒவ்வொன்றாக அவளிடமிருந்தே கறந்தேன். அப்போதுதான் நெட் ஏன் சரியில்லை என்று புரிந்தது. கட்டுப் போட்ட கை வீடியோவில் தெரியும் என்று மறைந்திருக்கிறீர்கள். நானோ இத்தனை நாளும் வேறு என்னவெல்லாமோ நினைத்துப் பொருமிக்கொண்டிருந்தேன். என் புருஷன் அந்தரத்தில் தொங்கியது யாரோ ஒரு பெண்ணுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அந்தப் படத்துச் சிரிப்பைக் கூட மன்னித்துவிட்டேன், இதை மன்னிக்க முடியவில்லை.

நான் பயந்துவிடுவேன் என்று சொல்லாமல் விட்டிருப்பீர்கள். அது எனக்குத் தெரிகிறது. ஏனென்றால் நானும் அதைத்தான் செய்தேன். அன்று காலை குடோனில் காத்தாயி அக்காவுக்கு அடுத்து நின்றது நான்தான். அடிபம்ப் பக்கத்தில் போய் வாந்தி எடுத்தேன், இரண்டு நாள் நெஞ்சு பிசைந்தது. டாக்டர் பார்த்துவிட்டார், பயம் இல்லை என்றார். இதை உங்கள் மாலதி மேடத்திடம் நான் சொல்லவில்லை. அவங்க அவ்வளவு பரிவாகக் கேட்டும் சொல்லவில்லை. முதலில் உங்களுக்குத்தான் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். பாருங்கள், அவங்க என்று எழுத வந்துவிட்டது.

அவங்க சொல்வதைக் கேளுங்கள். பெல்ட்டை மாட்டச் சொன்னால் மாட்டுங்கள், இறங்கச் சொன்னால் இறங்குங்கள். நான் சொல்லிக் கேட்காததை அவங்க சொல்லிக் கேட்டதால்தான் இந்தக் கடிதத்தை வாங்க நீங்கள் இருக்கிறீர்கள். தௌபீக் அண்ணன் கையில் நார்த்தங்காய் பாட்டில் இன்னொன்று தனியாக இருக்கும். அது அவங்களுக்கு. நீங்களே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டாம், தௌபீக் அண்ணன் கொடுப்பார்.

உங்கள் தோள் பழையபடி ஆக வேண்டும் என்று மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருக்கிறேன். நீங்கள் வந்து இரண்டு கையாலும் அவிழ்க்க வேண்டும்.

முதலில் கேட்காமல் விட்டதை இப்போது கேட்கிறேன். நலமா மாமா? தோள் வலிக்கிறதா? பதிலை என்னிடம் முதலில் சொல்லுங்கள். மற்றவர்களிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

உங்கள்
சுடர்விழி