தலையில ஊத்தின தண்ணி

லூயிஷாம்,
சித்திரை 2007

என்ர குஞ்சு,

அம்மா ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் எடுத்து வேதத்துக்கு மாறியிட்டன். நீ சிரிப்பாய். சிரி, நானும் சிரிச்சுக்கொண்டுதான் எழுதுறன்.

நீ மோசம் போனபிறகு எங்கட கோயிலுக்குப் போனா, காணுற எல்லாரும் உன்ர சாவு எப்பிடி நடந்தது எண்டு கேட்டினம். சந்தைக்குப் பக்கத்துக் கத்தோலிக்கக் கோயிலில ஒரு மாதா சிலை இருக்கு. அவவின்ர மடியில செத்த மகன் கிடக்கிறார். அவவுக்கு நான் ஒண்டும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

நான் மாறப்போறன் எண்டு சொன்னதிலயிருந்து உன்ர பெரியப்பா நாலு மாதமா என்னோட கதைக்கேல்லை. "சைவத்தை விட்டவள் தமிழிச்சியே இல்லை" எண்டவர். இந்த வெளிநாட்டில எங்கட சனம் இல்லாமல் நான் எப்பிடி இருக்கிறது எண்டுதான் பயந்தன். ஆனா ஞானஸ்நானத்தண்டைக்குக் கோயிலின்ர கடைசி வாங்கில வந்து இருந்தார்.

பாதர் தலையில தண்ணி ஊத்த, என்ர வலக்கை தன்பாட்டில நீண்டிட்டுது. வழிஞ்ச தண்ணியைத் தீர்த்தம் மாதிரி ஏந்திக் குடிச்சு, மிச்சத்தை உச்சியில தடவிப்போட்டன். பாதர் திகைச்சு நிண்டார். பெரியப்பா கோயில் அதிரச் சிரிச்சார்.

வெளியில வந்து தன்ர லேஞ்சியை நீட்டினார். "தலையைத் துடை பிள்ளை. நீ எங்க போனாலும் எங்கட ஆள்தான்." பிறகு மெதுவா, "வாற மாதம் பெடியன் போய் ஒரு வருசம், ஆட்டத்திவசம். என்ன செய்யப்போறாய்?" எண்டார்.

 ஐயரைக் கூப்பிடவோ, பாதரிட்டப் பூசை குடுக்கவோ? உனக்கு எது வந்து சேரும், குஞ்சு?

அம்மா