ஆண்டவருக்கு ஒரு ‘ங்க’

அண்ணாச்சி,

நேற்று என் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த இளம் டாக்டர், “இடது பக்கம் அஞ்சு விலா எலும்பைக் காணோமே பெரியவரே?” என்றார். ஐம்பதுகளில் காசநோய்க்கு அப்படியும் ஒரு வைத்தியம் உண்டு, எலும்பை எடுத்து நுரையீரலை அமுங்க வைப்பார்கள் என்று விளக்கினேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. எனக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த உங்கள் நினைவு வந்தது.

கோயம்புத்தூருக்கு வெளியே இருந்த அந்த ஆஸ்பத்திரியில் நாம் ஏழு மாதம் அக்கம்பக்கம். நான் மதுக்கரையில் கிளார்க். திருநெல்வேலிக்காரன், நாலு தலைமுறைக் கிறிஸ்தவன். அந்தக் கர்வம் இருமலைவிட முற்றியிருந்தது. நீங்கள் பெரியநாயக்கன்பாளையத்துப் பஞ்சாலைத் தொழிலாளி. அப்பா தாராபுரத்துப் பக்கம் ஒரு பண்ணையில் காலமெல்லாம் உழைத்தவர். நீங்கள் ஞானஸ்நானம் பெற்று ஆறு வருஷம்கூட ஆகவில்லை. மூத்தவர் என்பதால் எங்கள் ஊர் வழக்கப்படி உங்களை அண்ணாச்சி என்றேன். நீங்கள் கடைசிவரை என்னை சார் என்றே கூப்பிட்டீர்கள்.

சாயங்காலம் நர்ஸ் காய்ச்சல் பார்த்துவிட்டுப் போனதும் வாய்விட்டு ஜெபிப்பீர்கள். “ஏனுங்க ஆண்டவரே, இன்னைக்கும் காச்சல் நிக்கலீங்க. உங்களுக்குத் தெரியாததுங்களா? கொஞ்சம் பாருங்க.” சந்தையில் தெரிந்தவரை நிறுத்திப் பேசுவதுபோல இருக்கும். எனக்குப் பொறுக்கவில்லை.

“அண்ணாச்சி, ஆண்டவர்ட்ட அப்படிப் பேசப்படாது. ‘தேவரீர் பாரும், இரங்கும்’னு சொல்லணும். வேதத்துத் தமிழ் அதுதான்.”

“பாரும்னுங்களா?” என்று பதறினீர்கள். “எங்க பண்ணாடிகிட்டக்கூட அப்படி மரியாதையில்லாமப் பேசமாட்டோமுங்களே.”

“ஆண்டவர் என்ன, உங்க நிலத்துக்காரரா?”

“இல்லீங்க சார். பண்ணாடிக்கு ‘ங்க’ போடறது பயத்துலீங்க. இவருக்குப் போடறது பிரியத்துலீங்க.”

அத்தோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. ஒரு வாரம் பாடம் நடத்தினேன். ‘சரிங்க’ என்று கேட்டுக்கொண்டீர்கள். ஒரு நாள் “தேவரீர்…” என்று தொடங்கி, ‘பாரும்’ வாயில் வராமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தீர்கள். அதன்பிறகு உங்கள் கட்டிலிலிருந்து ஜெபச் சத்தமே கேட்கவில்லை. ஒருவரைத் திருத்திவிட்டோம் என்ற திருப்தி எனக்கு. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த மாதம் எனக்கு ஆபரேஷன் என்றார்கள். முதுகை மரத்துப்போகச் செய்துவிட்டு, நினைவோடு இருக்கும்போதே எலும்பை எடுப்பார்களாம். அன்று காலை ஜெபிக்கக் கண்ணை மூடினேன். தேவரீர், அடியேன், கிருபை எல்லாம் வரிசையாக வந்தன. வாய் அதுபாட்டுக்குப் பேச, மனசு அதுபாட்டுக்கு எலும்புகளை எண்ணிக்கொண்டிருந்தது.

“அண்ணாச்சி, எனக்காக நீங்க ஜெபிங்க.”

“எனக்கு முறையாச் சொல்ல வராதுங்களே சார்.”

“உங்களுக்கு வர்ற மாதிரியே சொல்லுங்க.”

என் பக்கம் திரும்பி உட்கார்ந்தீர்கள். பிறகு, “ஏனுங்க ஆண்டவரே, இவரு ரொம்பப் பயந்துபோட்டாருங்க. பக்கத்துல வந்து நின்னுக்குங்க. பொழைக்க வெச்சா சந்தோசமுங்க. அப்புறம் உங்க இஷ்டமுங்க. ஆமென்” என்றீர்கள். எனக்கு அழுகை வந்தது. அந்தக் கடைசிப் பேச்சு மட்டும் பிடிக்கவில்லை. ஆனாலும் எலும்பு எண்ணுவது நின்றுவிட்டது.

நான் தேறினேன். இரண்டு மாதம் கழித்து உங்கள் முறை வந்தது. உங்கள் உடம்பு தாங்குமா என்று டாக்டர்களுக்கே சந்தேகம். தள்ளுவண்டி வாசலுக்கு வந்துவிட்டது. “ஒரு வார்த்தை சொல்லுங்க சார்” என்று கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். “ஆண்டவரே, இவரைப் பொழைக்க வெச்சுருங்க. எப்படியாவது பொழைக்க வெச்சுருங்க.” ‘ங்க’ தானாகவே வந்தது. மிச்சத்தைச் சொல்ல மனம் வரவில்லை. அவசரமாக ஆமென் என்று முடித்தேன்.

நீங்கள் ஆமென் சொல்லவில்லை. நான் இன்னும் ஏதோ சொல்வேன் என்று காத்திருந்தீர்கள். நான் சொல்லவில்லை என்றதும், “அப்புறம் உங்க இஷ்டமுங்க” என்று நீங்களே மெதுவாகச் சொல்லி, அதன்பிறகுதான் ஆமென் சொன்னீர்கள். ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் போய்விட்டீர்கள். அதற்குப் பிறகு பல வருஷம் நான் ஞாயிற்றுக்கிழமை வழக்கத்துக்குக் கோயிலுக்குப் போய்வந்தேன். ஆண்டவரிடம் பேச எதுவும் இருக்கவில்லை.

இப்போது வலது பக்கம் ஏதோ நிழல் தெரிகிறதாம். அடுத்த வாரம் மறுபடி பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டர். இன்று காலை ஜெபித்தேன். பிழைக்க வைத்தால் சந்தோஷம், அப்புறம் உங்க இஷ்டமுங்க என்றேன். எனக்காகச் சொல்வதில் அவ்வளவு கஷ்டமில்லை அண்ணாச்சி. உங்களைப் பிழைக்க வைக்கச் சொல்லிக் கெஞ்சியதிலும் எனக்கு வருத்தமில்லை. மிச்சத்தை நீங்களே சொல்லும்படி விட்டுவிட்டேனே, அதுதான் இன்னும் ஆறவில்லை.