ஒடியல் மாப் பசை

இஞ்சருங்கோ,

நான் சாட்டி ஊருக்கு, அக்கா வீட்டுக்குப் போகிறேன். ஆறு மணி பஸ்ஸில் வருவேன். சோறும் திருக்கைக் குழம்பும் குசினியில் மூடி இருக்கின்றன. பின்கதவுத் திறப்பு வழமையான ஆணியில்.

"கூழுக்கு வைச்ச ஒடியல் மாவை ஆரப்பா எடுத்தது?" என்று காலையில் கேட்டீர்கள். இரண்டு நாளுக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் பேச்சு! நான்தான் எடுத்தனான். அந்தப் பனங்கிழங்கு மாவைக் காய்ச்சிப் பசையாக்கி என் கவிதைக் கொப்பியை ஒட்டி முடித்துவிட்டேன். சீமெந்துப் பைத் தாள், பழைய கலண்டர், கிழிந்த சேலைக் கரை, எல்லாம் இப்போது பக்கங்கள். நல்ல வடிவாக வந்திருக்கிறது.

நாலு மணிக்குத் தர்சினி ரீச்சர் வாசிகசாலைக் கண்காட்சிக்கு அதை எடுத்துப்போக வருவா. உங்கள் கோபம் முதல் பக்கத்தின் மேல்தான் என்று தெரியும். கலியாணத்துக்கு முன், நயினாதீவுப் படகில் வரும்போது ரிக்கற்றின் பின்பக்கத்தில் நீங்கள் எனக்கு எழுதித் தந்த நாலு வரி அதில் இருக்கிறது. "ஊர் சிரிக்கப்போகுது, கழட்டும்" என்றீர்கள். அந்த நாலு வரியை வாசித்த பிறகுதான் எனக்கும் எழுத வந்தது. ஆனாலும் அது உங்கள் எழுத்து. அதனால் அதை மட்டும் ஒட்டாமல் குண்டூசியால் குத்தியிருக்கிறேன். விருப்பமில்லை என்றால் ரீச்சர் வர முன் எடுத்துவிடுங்கள். கோபிக்க மாட்டேன்.

கொப்பி அலுமாரிக்கு மேலே.

பவதாரணி

பி.கு: யன்னலில் சிரட்டைக்குள் இருப்பது மிச்சப் பசை. கூழென்று குடித்துவிடாதேங்கோ.

இன்னொன்று: குண்டூசி கனநாள் நிற்காது. ரிக்கற் இருக்கட்டும் என்று மனம் வந்தால், அந்தப் பசையால் நீங்களே ஒட்டிவிடுங்கள்.